நூற்று நாற்பது 'ஆம்'கள்

ஜூன் 3, திங்கள்

ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்யப்படுகிறது: எங்கள் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள், பதினொரு ஆண்டுகாலத் தன்னலமற்ற சேவைக்குப் பின், இன்று காலை ஏழு பத்துக்கு என் கையோடு வந்துவிட்டது. இறுதி மரியாதையாக இரண்டு நிமிடம் சோப்பு நுரையோடு நின்றேன். இனி உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அம்மா அவசரச் சட்டம் போட்டிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பாட்டு, அதிலும் முதல் வரி மட்டும். பக்கத்து வீட்டார் எப்போது வீடு மாறுவார்கள் என்பதுதான் கேள்வி.

அவ்வளவு முக்கியமில்லாத இன்னொரு செய்தி: எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. பள்ளி மணியை இருபது நிமிடம் முன்கூட்டியே அடித்து மொத்தப் பள்ளியையும் வீட்டுக்கு அனுப்பிய சாதனைக்காக, விடுமுறையில் நாற்பது மணி நேரம் பொதுச்சேவை செய்து கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். சித்தி நகராட்சியின் சாலைப் பிரிவில் இருக்கிறாள். "எனக்கு ஆள் பத்தலக்கா, இந்த வாலை என்கிட்ட குடு" என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். தன்னார்வலராம். ஆர்வம் முழுக்கச் சித்தியுடையது, கால் மட்டும் என்னுடையது.

வேலை என்னவென்றால், கடைத்தெருவில் போட்ட சைக்கிள் பாதை தொடரலாமா வேண்டாமா என்று ஜனங்களைக் கேட்டு எழுதுவது. நான்கு மாதம் முன்பு தெருவோரம் பச்சை வண்ணம் அடித்து, வெள்ளைக் கம்பங்கள் நட்டு, சோதனைக்கு விட்டார்கள். 24ஆம் தேதி மாலை ஐந்துக்குள் அறுநூறு படிவம் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் சோதனை செல்லாது. மாதக் கடைசியில் கம்பங்களைப் பிடுங்கிவிடுவார்கள்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். முன்பு நாலரை பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, இன்னொரு பஸ். பாதை வந்ததிலிருந்து சைக்கிள், இருபத்தைந்தே நிமிடம். தினமும் ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். அந்த ஒரு மணி நேரத்தால் இந்த வீட்டில் திட்டு விழும் விகிதம் பாதியாகக் குறைந்திருக்கிறது. அப்பா சோபாக் கடை வேன் ஓட்டுகிறார். பாதை வந்ததிலிருந்து கடை வாசலில் வேன் நிற்க இடமில்லை. ஆகவே எங்கள் சாப்பாட்டு மேசையின் நடுவிலும் ஒரு பச்சைக் கோடு ஓடுகிறது.

நான் இருக்கும்வரை அந்தக் கம்பத்தில் எவனும் கை வைக்க முடியாது. எழுதி வைத்துக்கொள், நோட்டே.

ஜூன் 4, செவ்வாய்

பதினோரு பேர். ஏழு 'இல்லை', மூன்று 'ஆம்', ஒருவர் என்னைத் தாண்டி சைக்கிளை மிதித்துக்கொண்டே "நேரமில்ல தம்பி" என்றார். அவரையும் நான் 'ஆம்' என்றுதான் எழுதியிருப்பேன், பேர் தெரியாமல் போயிற்று.

படிவம் ரொம்ப மொட்டை. மேலே பேரும் போன் எண்ணும். நடுவே ஒரே கேள்வி: "இந்தச் சைக்கிள் பாதை தொடர வேண்டுமா?" ஆம், இல்லை, சொல்லத் தெரியவில்லை. கீழே ஐந்து கோடு: காரணம், அவர்கள் சொன்ன சொல்லிலேயே. சித்தியின் கட்டளை: "அச்சுல இருக்கிற மாதிரியே படி. தலையை ஆட்டாத. சிரிக்காத. உன் கருத்து யாருக்கும் வேண்டாம்." அதற்குப் பிறகும் அரை மணி நேரம் விதிமுறை சொன்னாள். நான் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று.

முடிதிருத்துபவர் கத்தரியை என் மூக்குக்கு நேரே நீட்டி, "தொடரணுமாவா? தொடங்கினதே தப்பு!" என்றார்.

இப்படியே போனால் தோற்றுவிடுவோம். ஜனங்கள் மேல் தப்பில்லை. கேள்வி சரியில்லை.

ஜூன் 6, வியாழன்

இருபத்தாறுக்கு இருபத்தாறு!

கேள்வியைத் திருத்திவிட்டேன். "அம்மா, சைக்கிள்ல போறவங்க வண்டில அடிபட்டு விழுந்தா உங்களுக்குப் பரவாயில்லையா?" "ஐயையோ, கூடாதுப்பா!" டிக். "சார், ஒரு தாய் வேலை முடிஞ்சு பத்திரமா வீட்டுக்கு வரணுமா, வேண்டாமா?" "வரணும், வரணும்!" டிக். காரணக் கோடுகளில் 'பாதுகாப்பு' என்று ஒரே சொல். எல்லாவற்றிலும் அதே சொல். கை வலி மிச்சம்.

இது கருத்துக் கணிப்பு இல்லை, கருத்துக் கனிப்பு. காயாக இருப்பதை நானே பழுக்க வைக்கிறேன். இந்தத் துறையில் எனக்கு முன்னோடி கிடையாது.

செவ்வாய்க்கிழமைப் படிவங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, முடிதிருத்துபவரையும் மற்றவர்களையும் போய்த் திரும்பப் பிடித்தேன். அவரும் இப்போது 'ஆம்'. கத்தரி உட்பட.

ஜூன் 8, சனி

வரலாறு படைக்கப்பட்டது. சோபா சிங்கம் விழுந்தது.

சோபாக் கடை முதலாளிக்கு நான் வைத்த பெயர் அது. தலைமுடியும் குரலும் காரணம். வியாபாரிகள் சங்கத் தலைவர் வேறு. அவர் கடையின் முகப்பில் 'பாதையை அகற்று' என்று பேனர், எழுத்து ஒவ்வொன்றும் என் உயரம். அதன் அடியில் நின்றுகொண்டே கேட்டேன்:

"ஐயா, இந்தத் தெருவுல வர்ற எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேரணும்னு நினைக்கிறீங்களா?"

"இதென்னடா கேள்வி? யாராவது வேண்டாம்பாங்களா?"

"அப்ப ஆமான்னு போட்டுக்கவா?"

"போட்டுக்கோ, போட்டுக்கோ. உங்கப்பனைச் சீக்கிரம் வரச் சொல்லு, மூணு பேர் உட்கார்ற சோபா ஒண்ணு டெலிவரி நிக்குது."

பேர், போன் நம்பர், 'ஆம்'. வெளியே வந்து பேனரைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தேன்.

ஜூன் 9, ஞாயிறு

நூற்று நாற்பது. ஆறு தன்னார்வலர்களில் நானே முதல். சித்தி என் தலையைக் கோதி, "உனக்குள்ள இப்படி ஒருத்தன் இருக்கான்னு தெரியாம போச்சேடா" என்றாள். அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

அந்த அரை மணி நேர விதிமுறையில் ஒன்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. பத்தில் ஒருவருக்கு அலுவலகத்திலிருந்து போன் செய்து சரிபார்ப்பார்களாம்.

பத்தில் ஒருவர் யார்? கேட்கவே வேண்டாம்.

நான் போனபோது சோபா சிங்கம் சித்தியின் மேசை முன்னால் நின்று கர்ஜித்துக்கொண்டிருந்தது. "பாதை வேண்டாம்னு கடை உயரத்துக்கு பேனர் கட்டியிருக்கேன்! உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு, 'பாதை தொடரணும்னு சொன்னீங்களே, சரிதானே சார்'ங்குது! சங்கத்துல எல்லாரும் சிரிக்கிறான். நான் விலைபோயிட்டேன்னு பேசறான்!"

சித்தி என் படிவக் கட்டைப் பிரித்தாள். நூற்று நாற்பது 'ஆம்'. நூற்று நாற்பது 'பாதுகாப்பு'.  

"நீ கேட்டதுக்குப் பேர் கேள்வி இல்லடா. கண்ணி."

சிவப்புப் பேனா. ஒவ்வொரு தாளிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு. அவள் கோடு போட்டு முடிக்கிறவரை நின்றுகொண்டிருந்தேன். நூற்று நாற்பது கோடு போட எவ்வளவு நேரம் ஆகும் என்று நீ நினைக்கிறாய், நோட்டே?

மொத்தம் சேர்ந்திருந்த அறுநூறில் மிச்சம் 460. மற்ற ஐந்து பேரும் வேலை முடித்துப் போய்விட்டார்கள். மொத்தக் கணக்கெடுப்பையே ரத்து செய் என்று சங்கம் கேட்கிறது. சித்தியின் மேலதிகாரி ஒரு வழி சொன்னார்: அதே நூற்று நாற்பது பேரிடமும் சரியான கேள்வியை மறுபடி கேட்டு 24க்குள் கொடுத்தால் ஏற்கலாம். சித்தி, "நானே போறேன்" என்றாள்.

அப்போது சிங்கம் சொன்னது: "நீங்க எதுக்கும்மா? அவன் வரணும். எங்க எல்லார் முன்னாடியும் அவனே வந்து நிக்கணும். அப்படின்னா சங்கம் ஒத்துக்கும்."

வீட்டில் அம்மா என்னைத் திட்டவில்லை. அப்பாவிடம் கேட்டாள்: "அந்த நாலரை பஸ் இப்பவும் ஓடுதா?"

திட்டியிருக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

சரி. போகிறேன். நூற்று நாற்பது பேர் முன்னாலும் போய் நிற்கிறேன். ஆனால் ஒன்று: மன்னிப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வராது. படிவத்தில் அந்தச் சொல் இல்லை. படிவத்தில் இல்லாததைப் பேசக்கூடாது என்று சித்தியே சொல்லியிருக்கிறாள். குறிப்பாகச் சோபா சிங்கத்திடம் — என் தலை ஒரு அங்குலம்கூடக் குனியாது. இது சத்தியம்.

ஜூன் 14, வெள்ளி

முடிதிருத்தும் கடை. நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு இருக்கிறார். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வாங்க, விசாரணைக் கமிஷன்! இன்னிக்கு என்ன, எங்கம்மா நல்லா இருக்கணுமான்னு கேக்கப் போறியா?" நுரைக்காரர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியெல்லாம் பொட்டு பொட்டாக நுரை.

அச்சில் இருந்தபடியே படித்தேன்.

"இல்லை. எழுதிக்கோ. பெருசா எழுது."

"காரணம்?"

"காரணமா?" கத்தியைக் கீழே வைத்தார். "முன்னாடியெல்லாம் வயசானவங்க காரை வாசல்ல நிறுத்தி இறங்குவாங்க. இப்ப முக்கு வரைக்கும் போய் இறங்கி, திரும்பி நடந்து வரணும். நாலு பேர் வர்றதையே நிறுத்திட்டாங்க. போன தடவை இதைக் கேட்டியா நீ?"

கேட்கவில்லை. ஐந்து கோடும் பத்தவில்லை, ஓரத்தில் ஏற்றி எழுதினேன்.

மருந்துக்கடை அக்கா: "கேள்வி நல்லாத்தான்டா இருக்கு. அன்னிக்கே இதைக் கேட்டிருந்தா ஆமான்னுதான் சொல்லியிருப்பேன். ஏமாத்தினே பாரு, அதுக்காகவே இப்ப 'இல்லை'." அதையும் அவர் சொன்ன சொல்லிலேயே எழுதினேன். ஏமாத்தினே பாரு. என் கையெழுத்தில் பார்க்க நன்றாகவே இல்லை.

ஜூன் 17, திங்கள்

நாற்பத்தெட்டு முடிந்தது. 'ஆம்' 15, 'இல்லை' 31, 'தெரியவில்லை' 2.

ஒவ்வொரு 'இல்லை'யும் நான் என் கையால் போடும் டிக். முப்பத்தொரு தடவை அம்மாவை அந்த பஸ்ஸில் நானே ஏற்றி அனுப்புகிற மாதிரி இருக்கு. என்னடா பண்ணித் தொலைச்சே? என்னதான்டா பண்ணித் தொலைச்சே?

இன்று துணிக்கடைக்காரர் வேலை மும்முரத்தில், "பேர் தெரியும்ல, மத்ததை நீயே போட்டுக்கப்பா" என்றார். பேனா 'ஆம்' கட்டத்துக்கு மேலே தானாகப் போய் நின்றது. பத்து நாள் முந்தைய நான் என்றால் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போயிருப்பேன். முக்கால் மணி நேரம் துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்து, அவர் வாயாலேயே வாங்கினேன். 'இல்லை'.

பரவாயில்லை. இன்னும் 92 பேர் இருக்கிறார்கள். விடமாட்டேன்.

ஜூன் 19, புதன்

போன தடவை 61ஆம் படிவம் அப்பா. கடைத்தெருவில் வேலை செய்கிறவர் என்ற கணக்கில். (அன்று கேட்ட கேள்வி: "அம்மா நல்லா தூங்கணுமா?") இன்று சாப்பிடும்போது படிவத்தோடு உட்கார்ந்து, அப்பாவைப் பார்த்து, "இந்தச் சைக்கிள் பாதை தொடர வேண்டுமா?" என்று படித்தேன்.

"வீட்டுலயுமாடா?"

"விதிமுறைப்பா."

"இல்லைன்னு எழுது." பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே: "வேனை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு, சோபாவை முதுகுல தூக்கிட்டு வர்றேன். பெரிய சோபான்னா நடுவுல மூணு தடவை இறக்கி வைக்கணும். எதிர்ல வர்றவன் எல்லாம் உட்காரலாமான்னு கேக்கறான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பு போய்விட்டது. "முதுகு வலின்னு ஏன் சொல்லல?"

"நீ நல்லா தூங்கிட்டிருந்தே."

அம்மா அப்பாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"எனக்கு அந்தப் பாதை வேணும்" என்றாள் அம்மா, மெதுவாக.

"நான் பாதையை எடுக்கச் சொன்னேனா? காலைல அரை மணி நேரம், வண்டி நிறுத்த ஒரு இடம். அவ்வளவுதான் கேக்கறேன்."

"அப்ப எதுல டிக் போடறது?" என்றேன்.

"தெரியலைன்னு போடு. ஆனா அரை மணி நேரத்தை மட்டும் விட்டுடாம எழுது."

எழுதினேன். அப்புறம் முந்தைய நாள்களின் தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். முடிதிருத்துபவர், துணிக்கடை, பழக்கடை, தையல்காரர் — பாதிப் பேர் இதையேதான் வேறு வேறு சொல்லில் சொல்லியிருக்கிறார்கள். இறங்க இடம். இறக்க இடம்.

'பாதுகாப்பு' என்று நூற்று நாற்பது தடவை எழுதியபோது இது எங்கே இருந்தது?

ஜூன் 21, வெள்ளி

139 முடிந்தது. மிச்சம் ஒருவர். யாரென்று எழுதத் தேவையில்லை.

ஜூன் 22, சனி

முடிந்தது. நேராகப் போனேன். நிமிர்ந்து நின்றேன். கேள்வியைப் படித்தேன். "இல்லை" என்றார். காரணம் வாங்கினேன். நன்றி சொல்லி வெளியே வந்தேன். மன்னிப்பு, கின்னிப்பு ஒன்றும் கிடையாது. சோபா சிங்கமே எழுந்து நின்று என்னை வழியனுப்பிற்று.

சொன்னேன் அல்லவா?

ஜூன் 24, திங்கள்

மாலை 4.35. கட்டைச் சித்தியின் மேசைமேல் வைத்தேன். என் நூற்று நாற்பதில் 'ஆம்' 52, 'இல்லை' 71, 'தெரியவில்லை' 17. பழைய 460ஐயும் சேர்த்தால் சரியாக 600. 'ஆம்' 307. பாதிக்கு ஏழு கூட.

ஏழு! கூரை இடிந்து விழுகிற மாதிரி கத்தினேன். சித்தி, "கத்தாதே. இன்னும் ஒவ்வொண்ணா சரிபார்க்கணும்" என்றாள்.

ஜூன் 26, புதன்

சித்தி கூப்பிட்டனுப்பினாள். மேசைமேல் ஒரே ஒரு தாள். நூற்று நாற்பதாவது.

"மத்தது எல்லாம் உன் கோழிக் கிறுக்கல். இது மட்டும் வேற கை. யார் எழுதினா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"டேய், போலின்னு சந்தேகம் வந்தா இதை நான் அடிச்சே ஆகணும். இன்னொரு தடவை என் பேனா சும்மா இருக்காது. இது போனா 599. உனக்கே தெரியும். என்ன நடந்துச்சுன்னு உன் கையால விளக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, இதோட இணைக்கணும். அஞ்சு மணிக்குள்ள."

"யார் யார் படிப்பாங்க?"

"பொதுக்கோப்பு. யார் வேணும்னாலும் படிக்கலாம்."

மூன்றே முக்காலிலிருந்து நாலு ஐம்பது வரை ஒரு வெள்ளைத் தாளையும் நாலரை மணி பஸ்ஸையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். என்ன எழுதினேன் என்பது இந்த நோட்டுக்குத் தேவையில்லாத விஷயம்.

ஜூன் 28, வெள்ளி

பாதை இருக்கிறது!!

நகராட்சிக் கூட்டத்தில் முடிவாயிற்று. பச்சைக் கோடு தொடரும். ஆனால் நாலு இடத்தில் கம்பங்களை உள்ளே தள்ளி, சரக்கு இறக்கவும் ஆள் இறங்கவும் இடம் விடுகிறார்கள். அதற்குக் காரணமாக 'இல்லை' படிவங்களிலிருந்து இருபது முப்பது வரி வாசித்தார்கள். அப்பாவின் அரை மணி நேரம் உரக்க வாசிக்கப்பட்டது. அப்பா வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொல்லிவிட்டார்.

'ஆம்' படிவங்களிலிருந்து ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

அம்மா வெளியே போய்ச் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள்.

ஜூலை 1, திங்கள்

நாற்பது மணி நேரத்துக்கு சித்தி இன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதை வாங்கப் போன இடத்தில், வரவேற்பு மேசையில் அந்தப் பொதுக்கோப்பு திறந்து கிடந்தது. அப்பா அதன் முன்னால் நின்று, விரலை வரிக்கு வரி நகர்த்தி, என் விளக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் முடிதிருத்துபவர். அவருக்குப் பின்னால் மருந்துக்கடை அக்கா. வரிசை.

ஊரே படித்த பிறகு உனக்கு மட்டும் என்ன ஒளிவுமறைவு, நோட்டே? ஜூன் 22 அன்று எழுதியது பொய்.

நேராகப் போனேன் என்பது சரி. கேள்வியைப் படிக்க வாயைத் திறந்தேன். "இந்தச் சைக்கிள்..." வரை வந்தது. அதற்கு அடுத்து வந்தது "மன்னிச்சிடுங்க ஐயா". அதற்கு அடுத்து விக்கல். அதற்கு அடுத்து — சரி, அழுதேன். மூக்கு ஒழுகுகிற ரக அழுகை. கண்ணீர் விழுந்து இரண்டு வெற்றுப் படிவம் பாழ். அவர் பதறிப்போய் என்னைப் பிடித்து, விற்பனைக்கு வைத்திருந்த சோபாவில் உட்கார வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட சோபா. நான் ஒவ்வொரு தடவை விம்மும்போதும் அதுவும் என்னோடு சேர்ந்து க்ரீச், க்ரீச். வாங்க வந்த ஒரு குடும்பம் வாசலோடு திரும்பிப் போயிற்று.

"டேய், டேய், தண்ணியைக் குடி. அந்த எழுதற அட்டையை இப்படிக் குடு. நீ கேள்வியை மட்டும் சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்றார். விக்கலுக்கு இடையில், அச்சில் இருந்தபடியே, ஒரு சொல் மாறாமல் கேட்டேன். அவரே 'இல்லை'யில் டிக் போட்டார். காரணத்தில் வேன், வாசல் எல்லாம் எழுதினார். கடைசிக் கோட்டில், "பையன் இந்தத் தடவை சரியாகத்தான் கேட்டான்" என்று எழுதினார். அந்தத் தாளைத்தான் என் விளக்கம் காப்பாற்றியது.

நிமிர்ந்து நிற்கவில்லை. நிற்கவே இல்லை.

அவர் எழுந்து நின்றது மட்டும் உண்மை. சோபாவைத் துடைக்கத் துணி எடுக்க.